மக்குவேல் துரை ஸ்டூடியோவில் ஊறிய எச்சில்

கூடக்கல் மலையில் படங்கள் எச்சில் வடித்த வருஷம் என்று சொன்னால் அந்த ஊரில் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. அதற்கு முந்தின வருஷம் கேரட் விலை படுத்துவிட்டது, அடுத்த வருஷம் மழையில் பாலம் போனது, நடுவில் இது வந்தது. செல்போன் டவர் வந்தபோது எவ்வளவு பேசினார்களோ அவ்வளவுதான் இதைப் பற்றியும் பேசினார்கள். பிறகு பழகிவிட்டது.

அந்தக் காலத்தில் மக்கில்வேன் என்ற போட்டோக்காரர் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்து, இந்த மலையில் காடழித்துக் காப்பியும் தேயிலையும் போட்ட துரைமார்களையும் அவர்களின் துரைசானிகளையும் படமெடுத்துப் பிழைத்து, கடைசியில் கல்லீரல் வீங்கி இங்கேயே செத்துப்போனார். வாயில் நுழையாத அவர் பெயரை ஊர்ச்சனம் மக்குவேல் என்று திருத்திக்கொண்டது. அவர் விட்டுப்போன கண்ணாடித் தகடுகள் மரப்பெட்டி மரப்பெட்டியாகக் கரையான் காவலில் கிடந்தன. ஸ்டூடியோ நகராட்சிக் கைக்கு வந்து, குப்பை லாரியின் பழைய டயர்களைப் போட்டுவைக்கும் கிடங்காகி, யாரோ வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்த பிறகு திடீரென்று பெருமைப்படத்தக்க ஒன்றாகிவிட்டது. கூரையை மாற்றி, சுவருக்கு வெள்ளையடித்து, தகடுகளிலிருந்து ஆளுயரத்துக்குப் படங்கள் அச்செடுத்து, தேக்குச் சட்டம் போட்டு மாட்டி, படக் காப்பகம் என்று பலகை வைத்தார்கள். அதற்குக் காப்பாளராக வந்தவர் பொன்ராஜ் டேனியல். வெயில் காலத்திலும் மஃப்ளரைக் கழற்றாத மனிதர், வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பாடத்தைச் சலிக்காமல் ஒப்பிப்பார்.

"அந்தக் காலத்து கேமரா முன்னால அசையவே கூடாது சார். பின்னந்தலைக்கு இரும்புக் கவட்டை குடுத்து நிறுத்திருவாங்க. கண்ண சிமிட்டக் கூடாது, எச்சில் முழுங்கக் கூடாது. தொண்டை ஏறி இறங்குனா படத்துல கழுத்தே கலங்கிப் போயிரும்."

வாசலுக்கு நேரே மாட்டியிருந்தவர் கறுப்புக் கோட்டுத் துரை. இந்த மலையின் முதல் தோட்டம் அவருடையது. ஒரு மழைக்காலக் காலையில் அவருடைய கீழுதட்டு ஓரத்தில் ஈரம் மினுங்கியது, பொன்ராஜ் கூரை ஒழுகுகிறது என்று நினைத்துத் துணியால் துடைத்தார், துடைத்த இடம் மறுபடி ஈரமானது, கூரைக்காரன் ஏறிப் பார்த்து ஓடு காய்ந்து கிடக்கிறது என்றான், அந்த வாரம் முடிவதற்குள் நீதிபதித் துரை, டாக்டர் துரை, ரோடு போட்ட துரை, பூனையை மடியில் வைத்திருந்த துரைசானி என்று சுவரிலிருந்த எல்லோர் வாயிலிருந்தும் கோழையும் நுரையுமாக இறங்கித் தரையில் குளம் கட்டிவிட்டது. நாற்றம் தாங்காமல் அவர் நகராட்சிக்குச் சொல்லியனுப்ப, சுகாதார ஆய்வாளர் முப்பிடாதி வந்தாள்.

முப்பிடாதி தெற்கே தாமிரபரணிக் கரையிலிருந்து தேயிலை பறிக்க மலையேறிய சனத்தில் பிறந்தவள். ஊசிப்போன சால்னாவை ஓடையில் கொட்டவைத்து, பல்லி விழுந்த பால்கேனைக் கவிழ்த்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து கோர்ட் வாசல்வரை 'எச்சில் துப்பாதீர்' பலகை அடித்து, பாக்கு மென்று துப்பிய போலீஸ்காரனையே வாளித் தண்ணீரால் கழுவவிட்டவள். அவளைக் கண்டால் ஓட்டல்காரர்கள் கல்லாவை விட்டு எழுந்து அடுக்களைக்கு ஓடுவார்கள். அப்போது அவள் மாசமாக இருந்தாள், மசக்கையில் சிலருக்கு வாந்தி வரும் என்றால் அவளுக்கு வாயில் ஓயாமல் எச்சில் ஊறியது, ஊர் முழுக்கப் பலகை அடித்த கையோடு தெருவில் துப்புவது எப்படி என்று அவள் அதை முழுங்கி முழுங்கித் திரிந்தாள்.

காப்பகத்துக்குள் கால் வைத்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. சுருட்டு, பழைய இறைச்சி, சொத்தைப் பல், சாராயம், இவையெல்லாம் பூட்டிய அறையில் வெகுகாலம் கிடந்து புளித்த வாடை. மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு கறுப்புக் கோட்டுத் துரையின் எதிரே போய் நின்றாள். துரை நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் பூப்போட்ட விரிப்பால் மூடிய ஒரு நாற்காலி, அதன்மேல் சரிகைச் சட்டையில் அவருடைய பச்சைப்பிள்ளை. விரிப்பின் அடியில் இரண்டு கறுத்த கால்விரல்கள் தெரிந்தன.

"நாற்காலிக்கு எப்படி சார் விரல் வந்துச்சு?"

"அது ஆயாம்மா, மேடம். பிள்ளை அசையாம இருக்கணும்ல? ஆயாவ உக்காரவச்சு மேல துணியப் போட்டு மூடிருவாங்க. படத்துல நாற்காலி மாதிரியே இருக்கும்."

"மூச்சு விட வேண்டாமா?"

"படம் எடுக்குற நேரம் மட்டுந்தானே மேடம்" என்றார் பொன்ராஜ், தன் வீட்டு ஆயாவைப் பற்றிக் கேட்டதுபோலக் கொஞ்சம் சங்கடப்பட்டு.

அந்த விரிப்பும் ஈரமாக இருந்தது. உள்ளிருந்து ஊறிய ஈரமல்ல, மேலேயிருந்து விழுந்த ஈரம். முப்பிடாதி குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே துரையின் வாயிலிருந்து ஒரு கொத்துச் சளி கிளம்பி அவளுடைய கழுத்தோரத்தில் சொத்தென்று விழுந்தது. அவள் அப்படியே நின்றாள். படத்துக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு எட்டு தூரம் இருந்தது. வடிகிற எச்சில் அவ்வளவு தூரம் வராது.

"சார், இது வடியல. துப்புறாங்க."

பொன்ராஜ் தன் கைக்குட்டையை நீட்டினார். அவர் மஃப்ளர் முழுக்கத் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

அன்றைக்கே கதவைப் பூட்டி முத்திரை வைத்தாள். மறுநாள் நகராட்சித் தலைவர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, மாசமான பொம்பளை அலையக்கூடாது என்று அன்பாக ஆரம்பித்து, முத்திரையை எடுக்கச் சொன்னார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் மீசையை நீவினார்.

"துப்பட்டுமே மேடம். துப்புறது யாருன்னு பாருங்க. உயிரோட இருந்தப்ப நம்ம பாட்டன் பூட்டன அவ்வளவு பக்கத்துலயா விட்டாங்க?"

அன்று சாயங்காலமே முத்திரை உடைந்தது. ஊரும் முதலில் அருவருத்தது, அதை மறைக்கக் கூடாது, அரைநாள் அருவருத்தது. அதற்குள் காப்பக வாட்ச்மேன் சுடலையின் முழங்கையிலிருந்த படர்தாமரை, தரை துடைத்தபோது துரை எச்சில் பட்டு உதிர்ந்துவிட்டது என்று செய்தி பரவியது. பல் விளக்காத எச்சிலைப் பருவில் தடவினால் அமுங்கும் என்பது எல்லா வீட்டிலும் உள்ள வைத்தியந்தானே, நம் எச்சிலுக்கே அந்தக் குணம் இருந்தால் துரை எச்சிலுக்கு எவ்வளவு இருக்கும் என்று சனம் யோசித்தது, யோசித்ததும் கிண்ணத்தோடு கிளம்பிவிட்டது. கோர்ட்டில் வழக்கு இருக்கிறவர்கள் நீதிபதித் துரையின் கீழே நின்றார்கள், கான்ட்ராக்டர்கள் ரோடு போட்ட துரையின் கீழே நின்றார்கள், பெண்ணுக்கு வரன் தகையாதவர்கள் பூனைத் துரைசானி எப்போது வாயைத் திறப்பாள் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள், எல்லோர் தலையிலும் சட்டையிலும் அது விழுந்தது, விழுந்ததை யாரும் துடைக்கவில்லை. பாதிரியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் ஏசு எச்சிலால் சேறு குழைத்துக் குருடனுக்குப் பார்வை கொடுத்ததை விரித்துச் சொன்னார். மாரியம்மன் கோயில் பூசாரி சட்டங்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்துவிட்டுப் போனார். கட்சிக்காரர்கள் எச்சில் பாரபட்சமில்லாமல் சமமாகப் பங்கிடப்பட வேண்டும் என்று வாசலில் தர்ணா இருந்தார்கள். ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் எச்சிலைப் பிடிக்கப் பித்தளைத் தூம்பு பொருத்தப்பட்டது; சுவரில் முப்பிடாதி அடித்திருந்த 'எச்சில் துப்பாதீர்' பலகையைத் தலைவரே நேரில் வந்து கழற்றினார்.

முப்பிடாதிக்குச் சோறு இறங்கவில்லை. டீக்கடையில் ஒருத்தன் டீயில் சொட்டு விட்டுக் கலக்கிக் குடிப்பதைப் பார்த்தாள், கல்யாணப் பந்தியில் இலை ஓரத்தில் உப்புக்குப் பக்கத்தில் வைத்ததைப் பார்த்தாள், பள்ளிக்கூட வாசலில் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் நெற்றியில் பூசியதைப் பார்த்தாள். சீ என்றிருந்தது. இப்படியுமா ஒரு சனம் இருக்கும், மூஞ்சியில் துப்பினால் பன்னீர் என்று வாங்குமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, வந்த கோபத்தில் வாயில் இன்னும் எச்சில் ஊறியது, அதையும் முழுங்கினாள்.

பிறகுதான் சேனைக்கு வந்தார்கள். தெற்கத்திச் சனத்தில் பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலில் சீனித்தண்ணீரோ தேனோ தொட்டுவைப்பதற்குச் சேனை என்று பேர். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பது கணக்கு. அடங்காத பிள்ளையைப் பார்த்தால் உனக்கு யாருடே சேனை வச்சது என்றுதான் கேட்பார்கள். பொறுமைசாலியா, கைராசிக்காரரா என்று பார்த்துப் பார்த்து ஆள் தேடுகிற வழக்கம் அது. அந்த வருஷம் யாரும் தேடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை நேரே காப்பகத்துக்குக் கொண்டுபோய், தூம்பில் பிடித்ததைச் சங்கில் ஊற்றி நாக்கில் வைத்துவிட்டுத்தான் வீட்டுப் படியேறினார்கள். முதல் பால் நர்சம்மா கணக்கு, முதல் சேனை துரை கணக்கு என்றார்கள்.

அந்தப் பிள்ளைகள் அதன்பிறகு அழவில்லை. பசித்தால் புருவத்தை மட்டும் உயர்த்தின. தாய் எழுந்து நின்றால்தான் பால் குடித்தன, குடித்து முடித்ததும் அவள் முகத்தில் துப்பின. வாய் நிறையச் சேர்த்து, குறி பார்த்து, கண்ணைச் சிமிட்டாமல் துப்பின. பல் முளைப்பதற்கு முன்னால் துப்பத் தெரிந்துவிட்டது. பெற்றவர்களுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "பாத்தியா, அப்பன் மேலயே துப்புதான், துரையேதான்!" என்று ஒருத்தி பஸ்ஸில் எல்லோரிடமும் காட்டினாள், பிள்ளை பக்கத்து சீட்டுக்காரர்மேலும் துப்பியது, அவர் கும்பிட்டார். தடுப்பூசி போடுகிற நர்ஸ் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

முப்பிடாதிக்கு வயிறு இறங்க இறங்க, அவளுடைய மாமியார் ஆவுடைத்தங்கம் வெள்ளிச் சங்கைப் புளி போட்டு விளக்கி மாடத்தில் வைத்தாள். அவள் மகன், முப்பிடாதியின் புருஷன் செண்பகராசன், தேயிலைக் கூட்டுறவு ஆபீசில் குமாஸ்தா. வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும் வெளியே நழுவச் செருப்பைத் தேடுகிறவன்.

"அத்தை, எம்பிள்ளைக்கு அந்தக் கருமத்த வைக்க விடமாட்டேன்" என்றாள் முப்பிடாதி.

"ஏன், உன்னை மாதிரி வளரணுமா? உனக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரில தரை தொடைச்ச செல்லத்தாயி சேனை வச்சா. இந்தா, படிச்சு உத்தியோகத்துக்குப் போயும் சாக்கடைய மோந்துக்கிட்டுத்தான அலையுத?"

"செல்லத்தாயி யாரு மூஞ்சிலயும் துப்புனதில்லயே."

"துப்புறதுக்கு ஒரு எடம் வேணும்ளா. மேல நிக்கவன்தான் துப்ப முடியும். எம்பேரப்பிள்ள ஒருநாளாவது மேல நிக்கட்டும்னு பாக்கேன்" என்றாள் ஆவுடைத்தங்கம்.  கொழுந்துக் கூடை தூக்கித் தூக்கிக் கூன் விழுந்த முதுகு அவளுக்கு. அந்த முதுகைப் பார்த்தபிறகு முப்பிடாதிக்குச் சங்கின்மேல் இருந்த அருவருப்பு இரண்டு மடங்கானது.

பெண்பிள்ளை பிறந்தது. கத்திக்கொண்டு பிறந்தது. இந்த வார்டை விட்டால் ஊரில் இந்தச் சத்தமே இல்லை என்று நர்சம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்கு அனுப்பிய அன்று ஆவுடைத்தங்கம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட்டுறவு ஆபீஸ் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்தாள், முப்பிடாதியைப் பின்னால் ஏற்றினார்கள், ஜீப் வீட்டுத் திருப்பத்தில் திரும்பாமல் நேரே மேடேறியது.

"வீட்டுக்குப் போங்க" என்றாள் முப்பிடாதி. செண்பகராசன் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஓட்டினான். தையல் போட்ட உடம்பு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் பல்லைக் கடித்தாள், வாய் ஊறி ஊறி நிறைந்தது.

சானிட்டரி மேடம் வீட்டுப் பிள்ளைக்குச் சேனை என்றதும் ஊரே கூடியிருந்தது. தலைவர் மாலையோடு நின்றார். பொன்ராஜ் கறுப்புக் கோட்டுத் துரையின் தூம்பைத் துணியால் துடைத்து வைத்திருந்தார். ஆவுடைத்தங்கம் ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறு கையால் சங்கை ஏந்தினாள். மேலே துரையின் கன்னம் உப்பியது, உதடு குவிந்தது.

"அத்தை" என்றாள் முப்பிடாதி. வாயைத் திறக்கும்போதே ஓரத்தில் வழிந்தது. "வச்சேதான் ஆகணும்னா, துணிக்குள்ள இருக்காளே அவ எச்சில வைங்க. பிள்ளையப் பிடிச்சிருக்கது அவதான. அவ குணம் வரட்டும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆவுடைத்தங்கத்துக்கு மட்டும் முகம் சிவந்துவிட்டது. "ஆயா வேல பாக்கவாளா இதப் பெத்த? அவளுக்கு மூஞ்சியே இல்ல!"

அந்த நேரம் துரை துப்பினார். சங்கில் விழவேண்டியது தப்பி, பிள்ளையின் நெற்றியில் விழுந்து, மூக்கோரமாக வாயை நோக்கி இறங்கியது. பிள்ளை நாக்கை நீட்டியது. முப்பிடாதி பாய்ந்து முந்தானையால் அதை வழித்தெறிந்து, பிள்ளையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தாள், மாசமாயிருந்த நாள் முழுக்க முழுங்கியதெல்லாம் தொண்டைக்கு ஏறி வந்தது, போலீஸ்காரனையே கழுவவிட்டவள், ஊர் முழுக்கப் பலகை அடித்தவள், காறி எடுத்து, கறுப்புக் கோட்டுத் துரையின் முகத்தில், இரண்டு கண்ணுக்கும் நடுவில் துப்பினாள்.

துரை வாயை மூடினார். அவர் கண்ணைச் சிமிட்டினார் என்று பொன்ராஜ் பிற்பாடு சொன்னார். அப்படியானால் அதுதான் அவருடைய முதல் சிமிட்டல். பிறகு நீதிபதித் துரை மூடினார், டாக்டர் துரை மூடினார், பூனைத் துரைசானி மூடினாள், சுவரெங்கும் உதடுகள் ஒட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது, தூம்புகள் கொரகொரத்து நின்றன. பூப்போட்ட விரிப்பு மட்டும், முகம் இருக்கவேண்டிய இடத்தில், உள்ளும் வெளியுமாக லேசாக அசைந்ததை முப்பிடாதி பார்த்தாள். வேறு யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கூட்டம் தூம்புகளை எட்டிப் பார்த்தது. அப்புறம் ஒருத்தி கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், வழக்கு நடத்துகிறவர்கள் நீதிபதித் துரையின் சட்டத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள், தலைவர் மாலையைப் பிய்த்தெறிந்து உன் வேலையைக் காலி பண்ணுகிறேன் என்று கத்தினார். முப்பிடாதி எதையும் கேட்கவில்லை. பிள்ளையின் முகத்தைக் குழாயடியில் கழுவினாள், கழுவக் கழுவ அது வீரிட்டு அழுதது, அந்த அழுகை அவளுக்குப் போதுமாயிருந்தது.  தப்பித்தது பிள்ளை என்று நினைத்துக்கொண்டே அவள் தூங்கிப்போனாள்.

விடிந்ததும் வாசலில் சலசலப்புக் கேட்டது. கல்லெறிய வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பிள்ளையைப் படுக்கையில் விட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள். ஊர் நின்றது. மேட்டிலிருந்து வளைந்து வந்து, ரேஷன் கடையைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை வரிசையாக நின்றது. நேற்று அழுதவள் நின்றாள், வழக்குக்காரர்கள் நின்றார்கள், பூசாரி சந்தனக் கிண்ணத்தோடு நின்றார், பாதிரியார் குடைக்கடியில் நின்றார், வேலையைக் காலி பண்ணுகிறேன் என்ற தலைவர் புது மாலையோடு எல்லோருக்கும் முன்னால் நின்றார். எல்லோர் கையிலும் கிண்ணம் இருந்தது.

"மேடம்" என்றார் தலைவர், செருப்பைக் கழற்றிவிட்டு. "துரைமார் வாயையே அடைச்ச வாய் மேடம் உங்க வாய். தெரியாமப் பேசிட்டேன். மனசு வச்சு ஒரு சொட்டு."

முப்பிடாதிக்குப் பிரசவமாகியும் நிற்காத எச்சில் நாக்கடியில் சுரந்து, கன்னத்தில் நிறைந்து, பல்லுக்குப் பின்னால் முட்டியது. சீ போங்கள் என்று சொல்லவேண்டும். சொல்ல வாயைத் திறந்தால் தெறிக்கும், தெறித்தால் பிடித்துக்கொள்வார்கள். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு பின்னால் திரும்பினாள். உள்ளேயிருந்து வந்த ஆவுடைத்தங்கம் அவளுக்கு வெகு பக்கத்தில், தன் முகத்தை அண்ணாந்து, வெள்ளிச் சங்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"எம்பேத்திக்குத்தான் மொதல்ல, தாயீ" என்றாள். மருமகளை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

முப்பிடாதி முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நிலைப்படியில் நின்றாள், கதவுச் சட்டம் நாலு பக்கமும் அவளைச் சுற்றியிருந்தது, கன்னம் உப்பி, கண் நிலைகுத்தி, கழுத்து விறைத்து நின்றாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மஃப்ளர் கட்டிய பொன்ராஜ் டேனியல் முன்னால் வந்து செல்போனை உயர்த்தினார்.

"அப்படியே இருங்க மேடம். அசையாதீங்க. முழுங்கிறாதீங்க."

உள்ளே பிள்ளை பாலுக்கு அழுதது.